சிரட்டை கட்டிய பர்மாக் காடு

ஓக்லாந்தின் தெற்கே மனுரேவாவில் தனியாக இருக்கும் மகேசன், யப்பான்காரனுடைய பட்டாளத்தில் நின்று ஏழு பேரைக் கொன்றவர் என்ற கதை எனக்கு மூன்றாம் வாயால் வந்தது. பாபகூராவில் ஒரு வீட்டில் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து கடலை பரிமாறிக்கொண்டிருந்த புஷ்பவதி அக்கா, கரண்டியை நிறுத்தாமலே அதைச் சொன்னார்.

"எங்கட இவருக்கு வேலையிடத்தில செல்வரத்தினம் சொன்னதாம். செல்வரத்தினத்துக்கு அந்தாளே தன்ர வாயால சொன்னதாம். ஏழு பேர்! நீர் விசாவுக்குப் போட்டுட்டு இருக்கிற பிள்ளை, தம்பி. அந்தாளோட கண்டபடி கதைச்சுத் திரியாதையும்."

நான் திரியவில்லை. காலை ரயிலில் நான் பாபகூராவில் ஏறுவேன். அவர் மனுரேவாவில் ஏறி இரண்டு நிலையம் தள்ளி இறங்குவார். கறுப்புக் கம்பளித் தொப்பியும் சாப்பாட்டுப் பையுமாக அவர் மேடையில் நிற்பது தெரிந்தால் புதினத்தாளை முகத்துக்கு உயர்த்திக்கொள்வேன். யுத்தம் நடந்த காலத்தில் அவருக்குப் பத்து வயதுதான் இருந்திருக்கும் என்ற கணக்கு எனக்கு நாலு மாதமாக வரவில்லை. குடிவரவுக் கந்தோரின் மண்ணிறக் கடித உறைக்காகக் காத்திருப்பவனுக்கு வேறு கணக்குகள் ஓடுவதில்லை.

மகேசண்ணை உண்மையில் செல்வரத்தினத்திடம் சொன்னது வேறு. "நான் ஏழு தரம் செத்தனான்" என்றுதான் சொல்லியிருக்கிறார். அவர் வேலைசெய்யும் சாமான் களஞ்சியத்திலிருந்து பாபகூராவுக்கு வந்து சேர்வதற்குள் செத்தது கொன்றதாகிவிட்டது.

அதை நான் அறிந்தது ஒரு மழை ஞாயிற்றுக்கிழமை. மனுரேவாவில் டெயறி என்கிற மூலைக்கடை ஒன்றின் வாசலில் மழை விடட்டும் என்று ஒதுங்கி நின்றேன். பால் போத்தலோடு வெளியே வந்தவர் நேராக என்னிடம் வந்தார். ஒளிக்கப் புதினத்தாளும் கையில் இல்லை.

"தம்பி, உமக்கு இங்கிலீசும் தமிழும் ரெண்டும் ஓடுமாம். ஒரு பத்து நிமிச உதவி. இப்ப வந்தால்தான் சரி, ரெண்டு மணிக்குத் தொடங்கிடும்."

அரசாங்கக் கடிதம் ஏதோ வாசிக்கவேண்டும் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆனாலும் போனேன். மறுத்துச் சொல்லத் தெரியாத பயந்தவர்கள்தான் அநேகமான வீடுகளுக்குள் போய்ச் சேர்கிறார்கள்.

ஒரே சுவரைப் பங்கிடும் இரண்டு சிறிய வீடுகளில் ஒன்று அவருடையது. உள்ளே கடிதம் எதுவும் இல்லை. என்னைச் சோபாவில் இருத்திவிட்டு, தான் தொலைக்காட்சிக்கு நாலடி முன்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"பேருகள் ஓடேக்க நீர் வாசியும். சிலோன் எண்டு எங்கயாவது வந்தாச் சொல்லும். எனக்கு இடது கண்ணில படலம். எழுத்தையும் மரத்தையும் ஒரே நேரத்தில பிடிக்கேலாது. நான் மரத்தைப் பாக்கிறன்."

அதன் பிறகு இரண்டு வருடங்களாக அநேக ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எழுத்தைப் பார்த்தேன். அவர் மரத்தைப் பார்த்தார்.

இந்த நாட்டுத் தொலைக்காட்சிக்கு ஞாயிறு மத்தியானம் என்றால் பழைய ஆங்கில யுத்தப் படம். கறுப்பு வெள்ளை. பெரிய நடிகர்களும் பெரிய சண்டைகளும் உள்ள படங்கள் அல்ல, கையில் இருந்ததை வைத்து மூன்று கிழமையில் எடுத்து முடித்தவை. ஒரே லொறி இரண்டு தரம் போகும். ஒரே பாலம் இரண்டு ஊர்களில் வரும். ஞாயிற்றுக்கிழமையில் விளம்பரம் போடக்கூடாது என்பதால் படம் இடையில் நிற்காமல் ஓடும். மகேசண்ணை இதற்கென்று நீளக் காற்சட்டை போட்டு, தலை வாரி, சேட்டின் மேல் பொத்தானையும் பூட்டிக்கொண்டு உட்காருவார். வெள்ளைக்கார அதிகாரிகள் கூடாரத்துக்குள் நின்று தேநீர் குடித்தபடி கதைக்கும்போது ஒலியைக் குறைத்துவிடுவார். "இவங்கள் கதைச்சு முடியட்டும்." எதிரிப் படை புதருக்குள்ளிருந்து வந்ததும் ஒலி கூடும். கதாநாயகனைப் பார்ப்பவன் படம் பார்க்கத் தெரியாதவன் என்பது அவருடைய கட்சி.

"பின்னால பாரும் தம்பி, பின்னால. இது என்ன மரம்? ஓக். ஓக் மரத்துக்குக் கீழ ரெண்டு பூச்சாடித் தென்னையை வைச்சிட்டுப் பர்மா எண்டு எழுதினால் பர்மாவோ? இது இங்கிலாந்துப் பத்தை. எங்கட படம் இல்லை."

ஐந்து நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிடும். ஆனால் அணைக்கமாட்டார். கேத்திலை வைத்துவிட்டு வந்து கடைசிவரை பார்ப்பார். "பாவம், அதிலயும் ஆரோ மினக்கெட்டுச் செத்திருக்கிறாங்கள்."

அவர் தேடிய 'எங்கட படம்' ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தாறில் எடுக்கப்பட்டது. அப்போது மகேசண்ணைக்கு இருபத்துநாலு வயது, கண்டி ரயில்வேக் கந்தோரில் கிளறிக்கல் உத்தியோகம். கலியாணம் ஆகாத குமாஸ்தாக்கள் ஆறேழு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்துச் சமையற்காரனும் வைத்திருந்த, சமறி என்று சொல்லும் ஒரு வீட்டில் சீவியம். ஒரே அறையில் பக்கத்துக் கட்டில், ஒரே கந்தோரில் பக்கத்து மேசை, மன்னாரைச் சேர்ந்த யேசுராசாவுடையது. கேகாலைப் பக்கம் ஒரு றப்பர்த் தோட்டத்தில் வெள்ளைக்காரர் படம் எடுக்கிறார்கள், யப்பானியராக நிற்க ஆள் தேவை, மத்தியானச் சாப்பாடு உண்டு என்ற செய்தியைக் கொண்டுவந்தவர் யேசுராசா. இருவரும் ஒரே நாளில் காய்ச்சல் என்று லீவு எழுதிக் கொடுத்தார்கள்.

"எங்களைப் பாத்தா யப்பான்காரர் மாதிரியோ இருக்கு எண்டு யேசுராசா கேட்டான். படம் எடுக்கிற துரை சொன்னான், இருபது யார் தள்ளி எல்லாரும் ஒண்டுதான் எண்டு. கண் ஓரத்தில பிளாஸ்ரர் ஒட்டி இழுத்து, முகத்துக்கு மஞ்சள் பூசினவங்கள். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு ஏனய்யா மஞ்சள்? ஒருத்தரும் கேக்கேல்லை. திங்கட்கிழமை கந்தோருக்குப் போனால் காதுக்குப் பின்னால அது போகேல்லை. தலைமைக் கிளாக்கர் கண்ணாடியைக் கழட்டிப்போட்டுக் கேக்கிறார், ரெண்டு பேருக்கும் வந்தது காய்ச்சலோ, செங்கமாரியோ எண்டு."

காசு இல்லாத படம். இரும்புத் தொப்பி என்று தலையில் வைத்தது சாக்குத் துணிக்குப் பசை பூசிக் காயவைத்தது. மழை தூறினால் காதுவரைக்கும் இறங்கிவிடும். உண்மைத் துவக்கு ஆறு, மற்றதெல்லாம் பலகை. சப்பாத்து முன்வரிசைக்கு மட்டும், பின்வரிசைக்காரருக்குக் காலில் கறுப்பு மை. ஆட்களும் பதினாலு பேர்தான். காலையில் யப்பானியராகச் செத்தவர்கள், பின்னேரம் பிளாஸ்ரரைக் கழற்றிவிட்டு இந்தியச் சிப்பாய்களாக முதுகு காட்டி நின்று சுட்டார்கள். "என்னைச் சுட்டதும் நான்தான், செத்ததும் நான்தான்" என்று இதைச் சொல்லும்போது மட்டும் மகேசண்ணைக்குப் பல் தெரியும். பெயர்கள் வாயில் வராததால் துரை ஒவ்வொருவருடைய முதுகிலும் சோக்கட்டியால் இலக்கம் போட்டிருந்தார். மகேசண்ணை பதினொன்று. யேசுராசா பன்னிரண்டு.

ஏழு சாவையும் அவர் வரிசையாக வைத்திருக்கிறார். ஒரு நாள் நாலாவதைக் காட்டினார். மரத்தில் ஏறி நிற்கையில் தொண்டையில் வெடி. ஐம்பத்தாறு வயது மனிதர் முக்காலியில் ஏறி நின்று, தொண்டையைப் பிடித்து, ஒரு கணம் யோசிப்பவர் போல வானத்தைப் பார்த்து, தோள் முதலில் படும்படி கம்பளத்தில் விழுந்தார். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி சுவரில் தட்டினாள்.

"மேக்ஸ், திரும்பவும் செத்துவிட்டாயா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"இன்னும் மூன்று இருக்கிறது, டியர்" என்று இவர் தரையிலிருந்தே ஆங்கிலத்தில் பதில் சொன்னார்.

களஞ்சியத்திலும் அவர் மேக்ஸ்தான். அங்கே தேநீர் இடைவேளையில் ஒரு தரம் இரண்டாவது சாவைக் காட்டப்போய், மேற்பார்வையாளர் அம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டாராம். கை தட்டியவர்களில் செல்வரத்தினமும் ஒருவர்.

ஏழாவது சாவை அவர் காட்டுவதில்லை. அதைச் சொல்ல மட்டும் செய்வார். அது கடைசி நாள். மூங்கிலால் கட்டிய காவற்கோபுரம் ஒன்று வெடித்துச் சரியவேண்டும். இருந்தது ஒரே கோபுரம், எடுப்பது ஒரே தரம். யேசுராசா ஏற்கெனவே செத்து இடது பக்கத்தில் கிடக்கிறார். மகேசண்ணை வலது பக்கம் ஓடிப்போய் விழவேண்டும். துரை எல்லோரையும் வாயில் வந்ததைக் கத்தச் சொல்லியிருந்தார், யப்பான் பாசை ஒருவருக்கும் தெரியாது. வெடி வைத்தவன் எந்தப் பக்கம் வைத்தானோ, கோபுரம் வலது பக்கமாகச் சாயத் தொடங்கியது. மகேசண்ணைக்கு முதுகுப் பக்கம். அவர் காணவில்லை.

"செத்துக் கிடந்தவன் கண்டான், தம்பி. எழும்பிட்டான். படம் ஓடுது, கமரா சுத்துது, சவம் எழும்பி நிண்டு தமிழில கத்துது. மகேசா, இஞ்சால ஓடி வாடா விசரா எண்டு. எனக்கு யப்பான்காரன், பர்மா ஒண்டும் தெரியேல்லை, அவன்ர குரல்தான் கேட்டது. பாய்ஞ்சன். நான் நிண்ட இடத்தில அவ்வளவு மூங்கிலும் விழுந்து குத்தி நிக்குது. துரை தலையில கைவைச்சுக்கொண்டு இருந்திட்டார். திருப்பி எடுக்கக் கோபுரமும் இல்லை, காசும் இல்லை. போகட்டும், யார் கவனிக்கப்போறான் எண்டு சொன்னவராம்." பிறகு தொடர்ந்தார். "சமறிக்குத் திரும்பின பிறகு பகிடி பண்ணினாங்கள். பேருக்கேத்த மாதிரிச் செய்துபோட்டாய், ஆனால் மற்றவர் மூண்டு நாள் பொறுத்தவர், நீ மூண்டு நிமிசமும் பொறுக்கேல்லை எண்டு."

இந்தப் படத்தை இருவரும் பார்க்கவே இல்லை. கண்டிக்கு அது வரவில்லை. கொழும்பில் மூன்று நாள் ஓடியதாக ஒரு கதை, அதைச் சொன்னவருக்கும் படத்தின் பெயர் தெரியாது. லொறியில் எழுதியிருந்தது ஒரு கொம்பனியின் பெயர். அந்தக் கொம்பனிக்கு மகேசண்ணை எழுதிய கடிதம், விலாசத்தில் ஆள் இல்லை என்று லண்டனிலிருந்து திரும்பி வந்தது. பெயர் தெரியாததால்தான் எல்லாப் படங்களையும் பார்க்கவேண்டியிருக்கிறது. கண்டுபிடிக்க ஒரே அடையாளம் மரம். பால் வெட்டும் றப்பர் மரங்களை அவர்கள் பர்மாக் காடு என்று எடுத்தார்கள். மரத்தில் பால் ஏந்தக் கட்டியிருந்த தேங்காய்ச் சிரட்டைகளை அவிழ்க்கத் தோட்டத்துக் கங்காணி விடவில்லை.

"சிரட்டை கட்டின காடு வந்தால் அதுதான் எங்கட படம்."

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் மகேசண்ணையின் கொழும்புத் தெகிவளை வீடு எரிந்தது. மனைவி அதற்கு இரண்டு வருடம் முன்னரே காலமாகிவிட்டார். மகள் ரதிதேவியோடு அவர் ஒரு பாடசாலை மண்டபத்தில் சீமெந்துத் தரையில் கிடந்த நாலாவது நாள், நகரின் மறுபக்கத்துக் கொட்டாஞ்சேனையிலிருந்து யேசுராசா பாணும் சம்பலும் கொண்டுவந்தார். எப்படி வந்தாய் என்று இவரும் கேட்கவில்லை, என்ன நடந்தது என்று அவரும் கேட்கவில்லை. மண்டபம் முழுக்க ஆட்கள் அழுதுகொண்டிருக்க, இருவரும் விடியற்புறம்வரை அந்தப் படத்தைப் பற்றியே கதைத்தார்களாம். "ரெண்டு விசரன்கள் எண்டு பக்கத்தில கிடந்தவங்கள் நினைச்சிருப்பாங்கள்." பிரியும்போது ஒரு ஒப்பந்தம் செய்தார்கள். யார் முதலில் அந்தப் படத்தைக் கண்டாலும், அந்த நிமிடமே மற்றவனுக்குப் போன் எடுத்து, அந்த இடத்தைக் கேட்கப்பண்ணவேண்டும். யேசுராசா இருக்கும் வீடு அன்ரனீற்றா என்ற விதவையுடையது. மேல் அறையில் யேசுராசா. நடையில் ஒரு தொலைபேசி.

அடுத்த வருடம் மகளோடும் மருமகனோடும் மகேசண்ணை ஓக்லாந்துக்கு வந்தார். எண்பத்தாறில் மகள் குடும்பம் சிட்னிக்குப் போய்விட்டது, இங்கிருந்து எல்லோரும் போவதுபோல. இவர் போகவில்லை. ரதிதேவி ஞாயிறு காலையில் போன் எடுப்பாள். நான் இருந்த ஒரு நாள் இவர் பக்கத்துக் கதை மட்டும் கேட்டது.

"ஓம் பிள்ளை... ஓம், சாப்பிட்டன்... அங்க வந்து நான் என்ன செய்யிறது... ஓம், அறை இருக்கு, தெரியும்... அவன் இந்த நம்பரைத்தானே எழுதி வைச்சிருக்கிறான், நான் மாறினால் எப்பிடி... சரி, பேரனைக் குடு... ஹலோ... ஹலோ ராசா... யெஸ்... யெஸ், வெரி கோல்ட்... ஓகே, பாய்."

பேரனுடன் கதைத்து முடிய எப்போதும் பதினைந்து விநாடிதான்.

அந்தத் தொலைபேசியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அது நடையில் ஒரு சிறு மேசையில் இருக்கும். அதன் வயர் கிணற்றுக் கயிறு போலச் சுற்றிச் சுற்றிக் கீழே குவிந்து கிடக்கும். ஒரு மனிதன் தனியாக இருக்கும் இரண்டு அறை வீட்டுக்கு எதற்கு அவ்வளவு வயர் என்று நான் பல நாள் யோசித்தேன். சொல்லி வைத்துப் போடுவித்தாராம். இந்த நாட்டு ரெலிபோன் வட்டில் இலக்கங்கள் மற்ற நாடுகளுக்கு எதிர்ப்பக்கமாக ஓடும். நம்மவர்கள் முதல் மாதம் முழுக்கப் பிழையான வீடுகளுக்கு எடுத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். மகேசண்ணை தேநீர் ஆறும்வரை நடையில் நின்று, ரிசீவரைத் தூக்காமலே, கொட்டாஞ்சேனை இலக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சுற்றிப் பழகுவார். கிர்ரென்று வட்டு திரும்பி வரும் சத்தம் சோபாவரைக்கும் கேட்கும்.

ஆனால் ஒரு தரமும் எடுத்ததில்லை. அதற்குக் கடிதம் இருந்தது. இரண்டு மாதத்துக்கு ஒன்று, யேசுராசாவின் நீல நிற விமானக் கடிதம், ஓரம் முழுக்க எழுத்து. கடைசியாக வந்தது எண்பத்தேழு கார்த்திகையில், வடக்கில் யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது. எனக்கும் வாசிக்கத் தந்தார். "மன்னாருக்குப் போகிறேன். அக்கா வருத்தமாம். பாதை திறந்தால் பத்து நாளில் வந்துவிடுவேன். வந்து எழுதுகிறேன். நீ மரத்தைப் பார்." அவ்வளவுதான்.

பிறகு தை வந்தது. மாசி வந்தது. எனக்கு நிரந்தர விசா கிடைத்தது. மண்ணிற உறைக்குப் பயந்த பழக்கம் மட்டும் போகவில்லை, ஆகவே நான் அவருடைய தபாற்பெட்டிக்காகவும் பயப்படத் தொடங்கினேன். சித்திரையில் பொறுக்கமுடியாமல் சொன்னேன்.

"அண்ணை, ஒருக்கா எடுத்துப் பாருங்கோவன். ஒரு நிமிசக் கதைதானே. அந்த வீட்டுக்கார அம்மாவையாவது கேக்கலாம்."

அவர் பிஸ்கற்றைத் தேநீரில் தோய்த்தார். அது ஊறிக் கோப்பைக்குள் விழும்வரை எடுக்கவில்லை.

"எடுத்தால் தெரிஞ்சிடும், தம்பி. எடுக்காட்டி அவன் வீட்டிலதான் இருக்கிறான்."

அதற்குப் பின் அவர் வட்டைச் சுற்றிப் பழகுவதை விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓக் மரங்களும், பைன் மரங்களும், ஒரு தரம் பாலைவனமும் வந்தன. பாலைவனத்தைக் கண்டபோது அவருக்கு ஆறுதலாக இருந்தது போலிருந்தது. "இண்டைக்கு இல்லை" என்று சொல்லிக் காலை நீட்டிக்கொண்டார். அவர் தேடிய படமும் அவர் எடுக்காத போனும் ஒரே வயரில்தான் தொங்கிக்கொண்டிருந்தன என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. படம் வந்தால் அவர் எடுத்தே ஆகவேண்டும்.

எண்பத்தெட்டு ஆவணியில் ஒரு ஞாயிறு. வெளியே சாய்வான மழை. ஹீற்றரின் ஒரு கம்பி மட்டும் சிவந்திருந்தது. இரண்டு மணிக்குப் பெயர்கள் ஓடின. படத்தின் பெயரில் ஒரு நதி இருந்தது. சிலோன் எங்கும் இல்லை. "இல்லை அண்ணை" என்றேன். கூடாரம், தேநீர், அதிகாரிகள். அவர் ஒலியைக் குறைத்தார். பத்து நிமிடமாகியும் அந்த நதியைக் காணவில்லை.

பிறகு காடு வந்தது. ஒரே அளவு இடைவெளியில், வரிசை பிசகாத மெலிந்த மரங்கள். வெள்ளைக்காரன் ஒருவன் குனிந்து குனிந்து வருகிறான். அவனுடைய தோளுக்குப் பின்னால், இடுப்பளவு உயரத்தில், மரத்தில் ஒரு சின்ன இருட்டு உருண்டை. அடுத்த மரத்திலும் ஒன்று. அதற்கடுத்ததிலும்.

"அண்ணை..." என்றேன். "சிரட்டை."

அவர் துள்ளவில்லை, கத்தவில்லை. முக்காலியை முன்னுக்கு இழுத்தார், முழங்கால் தொலைக்காட்சியில் முட்டும்வரை. வலது கண்ணை மட்டும் திரைக்குக் கொடுத்துத் தலையைச் சரித்துக்கொண்டார். யப்பானியர் வந்தார்கள். பின்வரிசைக்காரர்களின் கால்விரல்கள் தெரிந்தன. ஒருவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். மெலிந்த, உயர்ந்த, இருபத்துநாலு வயதுப் பையன். தோள்தான் முதலில் பட்டது.

"ஒண்டு" என்றார் மகேசண்ணை.

பக்கத்துச் சுவரில் சத்தம் இல்லை. கிழவி மகன் வீட்டுக்குப் போயிருந்தாள். இரண்டாவது சாவு வந்தது. மரத்திலிருந்து விழுவது வந்தது. "மூண்டைக் காணேல்லை, அஞ்சையும் ஆறையும் வெட்டிப்போட்டாங்கள்" என்றார், தன்னுடைய ஒரு விரலோ பல்லோ போனதைச் சொல்பவர் போல. பிறகு மரங்களுக்கு மேலே மூங்கில் கோபுரத்தின் தலை தெரிந்தது. அதிகாரி வரைபடத்தை விரித்து, அதை உடைக்கவேண்டும் என்று தன் ஆட்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மகேசண்ணை எழுந்து நடைக்குப் போனார். திரும்பி வரும்போது தொலைபேசியை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு வந்தார். வயர் பின்னாலே அவிழ்ந்து அவிழ்ந்து வந்தது. சரியாக முக்காலிவரைக்கும் போதுமானதாக இருந்தது.

"இப்ப அங்க எட்டு இருவது" என்றார். "ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போயிருப்பாங்கள். வீடு முழுக்கப் போகும். எட்டரையாகும் முடிய."

"கொஞ்சம் பொறுத்து எடுப்பமோ, அண்ணை?"

"படம் பொறுக்குமோ?"

வட்டைச் சுற்றினார். திரையைப் பார்த்தபடி, விரலைப் பார்க்காமல். ஒரு இலக்கமும் பிழைக்கவில்லை. ரிசீவரைக் காதில் வைத்தார். நான் சோபாவிலிருந்து எழுந்து அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்ததால் எனக்கும் கேட்டது. முதலில் கடலுக்கடியில் ஏதோ உரசுவதுபோல ஒரு இரைச்சல். பிறகு மணி அடிக்கத் தொடங்கியது. கொட்டாஞ்சேனையில் ஒரு நடையில், ஒரு மேசையில்.

திரையில் சண்டை தொடங்கிவிட்டது. புகை. இடது பக்கத்தில் ஒரு யப்பானியன் சுருண்டு விழுந்து குப்புறக் கிடந்தான். முதுகில் யாரும் அழிக்க நினைக்காத சோக்கட்டி எழுத்து. பன்னிரண்டு. அங்கே மணி ஆறாவது தரம் அடித்தது. ஏழாவது தரம் அடித்தது. மகேசண்ணை காதிலிருந்து ரிசீவரை எடுத்தார். வைத்துவிடப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கையை நீட்டி, தொலைக்காட்சியின் ஒலி வரும் துளைகளுக்கு நேரே அதைப் பிடித்தார். பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இப்ப எழும்புவான்" என்றார்.

கோபுரம் வலது பக்கமாகச் சரிந்தது. இடது மூலையில் சவம் எழும்பியது. "மகேசா! இஞ்சால ஓடி வாடா, விசரா!" அந்த அறைக்குள், அந்த மழைக்குள், முப்பத்திரண்டு வருடத்துக்கு முந்திய தொண்டை ஒன்று கிழியக் கிழியக் கத்தியது. மூன்று விநாடி இருக்கும். அதற்குள் புகை எல்லாவற்றையும் மூடிவிட்டது. அதிகாரி மறுபடி கதைக்கத் தொடங்கினார்.

மகேசண்ணை இந்தத் தரம் ஒலியைக் குறைக்கவில்லை. மற்றக் கையைக் கொண்டுவந்து, காற்றில் அணையப்போகும் திரியைப் பொத்துவதுபோல, ரிசீவரையும் அந்தத் துளைகளையும் சேர்த்துப் பொத்திப் பிடித்தார். அந்தக் கைகளுக்குள் மணி அடித்துக்கொண்டே இருந்தது.